காவிரிக்கரை கேம்பிரிட்ஜில் படிப்பவரை என்னவென்று கூப்பிடுவது?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, கும்பகோணத்தை ஒரு காலத்தில் 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று சொன்னார்கள் என ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தஞ்சாவூர், மாயவரம், சிதம்பரம் என்று எல்லாப் பக்கமிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை வேறு எதையும் எடுக்கவில்லை. ஊர்ப்பேரிலிருந்து ஊர்க்காரருக்கும் அங்கே படிப்பவருக்கும் வருகிற சொற்கள் மட்டும்தான்.

கல்லூரி விநாடி வினாவில் 'கேம்பிரிட்ஜ் ஊர்க்காரரை ஆங்கிலத்தில் எப்படி அழைப்பார்கள்?' என்று கேட்டார்கள். 'கேம்பிரிட்ஜர்' என்று எழுதினேன். சரியான விடை 'கேன்டபிரிஜியன்' என்றார்கள். ஊர்ப்பேரில் இல்லாத அந்த 'ன்ட' எங்கிருந்து வந்தது?
— இரண்டாம் ஆண்டு மாணவி, கும்பகோணம்

நீங்கள் யோசித்த விதத்தில் தப்பே இல்லை. லண்டன்காரரை லண்டனர் என்றுதானே சொல்கிறார்கள், அதே மாதிரி போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் கேம்பிரிட்ஜ் விஷயத்தில் ஊர்ப்பேர் ஒரு வழியில் போய்விட்டது, ஊர்க்காரர் பேர் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

அந்த ஊர் நிற்பது ஒரு ஆற்றங்கரையில். ஆற்றின் பழைய பேர் கிரான்டா. கிரான்டாவின் மேல் பாலம், அதுதான் ஊரின் முதல் பேர், கிட்டத்தட்ட 'கிரான்டபிரிட்ஜ்'. நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அந்த 'கிரா' தேய்ந்து 'கா'வாகி, 'கேன்டபிரிட்ஜ்' என்று ஆனது. அப்புறம் இன்னும் சில நூற்றாண்டுகள் ஜனங்கள் வாயில் உருண்டு, நடுவிலிருந்த 'ன்ட' கரைந்து 'ம்' ஆகி, இன்றைய கேம்பிரிட்ஜ் வந்தது. படித்தவர்கள் எழுதியது லத்தீனில். அவர்கள் ஊரை 'கேன்டபிரிஜியா' என்று எழுதிவைத்தது 'ன்ட' இன்னும் உயிரோடு இருந்த காலத்தில். சந்தையில் பேசப்படாத மொழி என்பதால் லத்தீன் தேயவில்லை. ஊர்க்காரருக்கான சொல் அந்த லத்தீனிலிருந்து வந்ததால் பழைய 'ன்ட' அதற்குள் பத்திரமாக இருக்கிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஊர்ப்பேர் கேம்பிரிட்ஜ் ஆனதும், 'அப்படியானால் ஆற்றின் பேர் கேம் ஆகத்தானே இருக்க வேண்டும்' என்று ஜனங்கள் ஆற்றுக்கே பேரை மாற்றிவிட்டார்கள். முதலில் ஆறு ஊருக்குப் பேர் கொடுத்தது, பிறகு ஊர் ஆற்றுக்குத் திருப்பிக் கொடுத்தது. மேல்பக்கத்தில் மட்டும் இன்றும் கிரான்டா என்ற பேர் உண்டு.

இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. மாயூரம் என்றும் மாயவரம் என்றும் சொல்லிவந்த ஊருக்கு 1982இல் அரசாங்கம் மயிலாடுதுறை என்று பேரைத் திருப்பித் தந்தது. தேவாரத்திலேயே உள்ள பேர்தான் அது. ஆனால் ராத்திரி பத்து மணிக்குக் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்று பாருங்கள். போர்டில் மயிலாடுதுறை என்று இருக்கும், கண்டக்டர் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு 'மாயரம் மாயரம் மாயரம்' என்றுதான் கூப்பிடுவார், ஏறுகிற பெரியவரும் தன்னை மாயவரத்துக்காரர் என்றுதான் சொல்வார். ஊர்ப்பேர் மாறலாம், ஊர்க்காரன் பேர் மாறுவதற்கு இன்னும் இரண்டு தலைமுறை ஆகும்.

இன்னொன்று. கேன்டபிரிஜியன் என்ற சொல் அந்த ஊரில் பிறந்தவர், குடியிருப்பவர், பல்கலைக்கழகத்தில் படிப்பவர், படித்து முடித்துப் போனவர் எல்லோருக்கும் பொது. அமெரிக்காவிலும் ஒரு கேம்பிரிட்ஜ் இருக்கிறது. அங்கே 1636இல் ஒரு கல்லூரி தொடங்கினார்கள், அதுதான் ஹார்வர்ட். அதைத் தொடங்கியவர்களில் பலர் இங்கிலாந்து கேம்பிரிட்ஜில் படித்தவர்கள் என்பதால், நியூடவுன் என்றிருந்த ஊருக்கு 1638இல் கேம்பிரிட்ஜ் என்று பேர் வைத்தார்கள். அந்த ஊர்க்காரர்களும் கேன்டபிரிஜியன்கள்தான்.

ஆக்ஸ்ஃபோர்டு என்றால் எருது என்கிறார்களே, உண்மையா? அங்கே உள்ளவரை என்ன சொல்வார்கள்?
— விவசாயி, குத்தாலம்

உண்மைதான். எருதுகள் ஆற்றைக் கடக்கிற துறை, அவ்வளவுதான் பொருள். ஆழமில்லாத இடமாகப் பார்த்து மாடு ஓட்டிக் கடந்திருக்கிறார்கள். அதை லத்தீனில் 'ஆக்ஸோனியா' ஆக்கினார்கள், அதனால் ஊர்க்காரரும் மாணவரும் 'ஆக்ஸோனியன்'.

நீங்கள் குத்தாலம் என்பதால் இதைச் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பக்கத்திலேயே திருவாவடுதுறை இருக்கிறதே, அந்தப் பேருக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆ என்றால் பசு. அம்பிகை பசு வடிவில் வந்து சேர்ந்த துறை என்பது தலபுராணம். அங்கே எருதுத் துறை, இங்கே பசுத் துறை. அங்கே பல்கலைக்கழகம், இங்கே ஆதீன மடத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை உட்கார்ந்து பாடம் சொல்ல, உத்தமதானபுரத்திலிருந்து வந்த சாமிநாதன் என்ற பையன் கேட்டுக்கொண்டிருந்தான். அவர்தான் பின்னால் உ.வே.சா. வெறும் பேர்ப் பொருத்தம்தான், ஒன்றிலிருந்து ஒன்று வரவில்லை. இருந்தாலும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

எங்கள் தாத்தா காலத்து வக்கீல் ஒருவரின் பெயர்ப்பலகையில் 'எம்.ஏ. (கேன்டப்)' என்று இருந்ததாம். இன்னொருவர் பலகையில் '(ஆக்ஸன்)'. இதெல்லாம் தனிப் படிப்புகளா?
— வழக்கறிஞர், தஞ்சாவூர்

படிப்பு இல்லை அம்மா, படித்த இடம். லத்தீனில் 'கேம்பிரிட்ஜைச் சேர்ந்த' என்று எழுதினால் நீளமாக வரும், அதன் தலையை மட்டும் வெட்டி எடுத்தது கேன்டப். ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஆக்ஸன். டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் படித்தவர் 'டுனெல்ம்' என்று போட்டுக்கொள்வார். பிஷப்புகள்கூடக் கையெழுத்துப் போடும்போது குடும்பப் பேருக்குப் பதில் இப்படி ஊரின் லத்தீன் சுருக்கத்தைப் போடுவது வழக்கம். யார்க் ஆர்ச்பிஷப் என்றால் 'எபோர்'.

நம்மில் இதற்கு மரூஉ என்று பேர். கும்பகோணம் குடந்தை ஆனது, நாகப்பட்டினம் நாகை, மன்னார்குடி மன்னை, சோழநாடு சோணாடு. ஊர்ப்பேரின் ஒரு துண்டு போதும், கேட்பவருக்கு முழு ஊரும் தெரிந்துவிடும். அதைவிட நெருக்கமானது நம் இனிஷியல். உ.வே.சா.வில் முதல் எழுத்து 'உ' யார்? அப்பா இல்லை, உத்தமதானபுரம். ஒரு ஊரையே ஒற்றை எழுத்தாக்கித் தன் பேருக்கு முன்னால் நிறுத்திக்கொண்டார். அவர்கள் படித்த ஊரைப் பேருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் வைத்தார்கள், நாம் பிறந்த ஊரை முன்னால் வைத்தோம்.

நீங்கள் பெண் வழக்கறிஞர் என்பதால் ஒன்று. நம் நாட்டுப் பெண் வழக்கறிஞர்களில் முன்னோடியான கார்னிலியா சொராப்ஜி ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்து 1892இல் தேர்வு எழுதினார். பட்டத்தைக் கையில் கொடுக்க முப்பது வருடம் ஆனது, ஏனென்றால் அங்கே பெண்களுக்குப் பட்டம் தர ஆரம்பித்ததே 1920இல். கேம்பிரிட்ஜ் 1948 வரை இழுத்தடித்தது. அதாவது அதே வகுப்பில் அதே பாடத்தைப் படித்து அதே தேர்வை எழுதிய பெண், தன் பலகையில் அந்த 'கேன்டப்'பை முறைப்படி எழுதிக்கொள்ள முடியாது. ஒரு சின்ன அடைப்புக்குறிக்குள் இத்தனை இருக்கிறது.

லிவர்பூல்காரரை 'லிவர்புட்லியன்' என்பது ஏன்?
— கால்பந்து ரசிகர், காரைக்கால்

'பூல்' என்றால் குளம். அதைக் கிண்டலாக 'பட்ல்' ஆக்கினார்கள், அதாவது மழை நின்றதும் தெருவில் தேங்குமே, அந்தக் குட்டை. அந்தக் கிண்டலையே ஊர்க்காரர்கள் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்கள். மான்செஸ்டருக்கு மன்குனியன், நியூகாசிலுக்கு நோவோகாஸ்ட்ரியன், இவை கேன்டபிரிஜியன் மாதிரி லத்தீன் வழி வந்தவை.

நான் அண்ணாமலை நகரில் இருபது வருடமாக டீக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வரும் பேராசிரியர் ஒருவர் 'டவுன் அண்ட் கவுன்' என்று ஏதோ சொன்னார். என்ன அது?
— டீக்கடைக்காரர், சிதம்பரம்

டவுன் என்றால் ஊர்மக்கள். கவுன் என்றால் படிப்பவர்களும் வாத்தியார்களும் போட்டிருந்த நீள அங்கி. பல்கலைக்கழகம் உள்ள ஊரில் இந்த இரண்டு கூட்டமும் ஒன்றாக வாழ்வதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். சேர்ந்து வாழ்வது எப்போதும் சுமுகமாக இருக்கவில்லை. 1209இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஊரோடு ஏற்பட்ட தகராறில் சில அறிஞர்கள் கிளம்பிப் போய்க் குடியேறிய இடம்தான் கேம்பிரிட்ஜ். 1355 பிப்ரவரி 10ஆம் தேதி அதே ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மதுக்கடையில் ஒயின் நன்றாக இல்லை என்று மாணவர்கள் ஆரம்பித்த சண்டை தெருவுக்கு வந்து, இரண்டு மூன்று நாள் நீடித்து, இரண்டு பக்கமும் ஏராளமானவர் செத்தார்கள். அதற்கு அபராதமாக அந்த ஊர் மேயர் வருடா வருடம் தேவாலயத்துக்குப் போய்க் காசு கட்ட வேண்டும் என்று ஆனது. அந்த வழக்கம் 1825 வரை, நானூற்று எழுபது வருடம், நடந்திருக்கிறது.

உங்கள் ஊரில் 1929இல் பல்கலைக்கழகம் வந்தது. ரயில் பாதைக்கு ஒரு பக்கம் கோயிலும் நான்கு வீதியும், இன்னொரு பக்கம் யுனிவர்சிட்டி. அண்ணாமலை நகர் தனிப் பேரூராட்சியாகவே இருக்கிறது. 'ஊருக்குள்ள போயிட்டு வரேன்' என்று ஹாஸ்டல் பையன் சொன்னால் பாதையைத் தாண்டுகிறான் என்று அர்த்தம். நம்மில் அங்கிக்குப் பேர் இல்லை, பக்கத்துக்குத்தான் பேர். அந்தாண்டை, இந்தாண்டை. இரண்டு ஆண்டையும் உட்கார்ந்து டீ குடிக்கிற பெஞ்சு உங்களுடையது. கடன் நோட்டில் பையன்கள் பேருக்குப் பதில் 'கடலூர்', 'அரியலூர்' என்று ஊரைத்தான் எழுதி வைத்திருப்பதாக உங்கள் கடிதத்தின் கடைசியில் சொல்லியிருக்கிறீர்களே, அதை நான் இரண்டு முறை படித்தேன். அடுத்த பதிலுக்கு அதுவே ஆரம்பம்.

எனக்குப் பிறந்த ஊர் வடுவூர். கல்யாணம் ஆகி முப்பத்தி இரண்டு வருடம் ஆகியும் இந்த வீட்டில் என்னை 'வடுவூரா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆங்கிலத்தில் நீங்கள் சொல்வதுபோல் ஊருக்கு ஒரு சொல் தமிழில் உண்டா?
— இல்லத்தரசி, நீடாமங்கலம்

அந்தச் சொல்லைத்தான் முப்பத்தி இரண்டு வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள் அம்மா. வடுவூராள், அதுதான் பேச்சில் வடுவூரா. என் அப்பாயியை 'பாபநாசத்தா' என்பார்கள். அவர் காலமான பிறகு ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் அவர் சொந்தப் பேரே எனக்குத் தெரிந்தது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, பேரைத் தொலைத்துவிட்டார்களே என்று. ஆனால் வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண் தான் பிறந்த ஊரை அந்தத் தெருவிலேயே உயிரோடு வைத்திருந்தாள் என்பதும் உண்மை.

ஆங்கிலத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு விதம், மனப்பாடம் செய்தால்தான் தெரியும். நமக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. எந்த ஊரைக் கொடுத்தாலும் சொல் தானாக வரும். தஞ்சாவூர் என்றால் தஞ்சாவூரார். மன்னார்குடி என்றால் மன்னார்குடியார், நடுவில் ஒரு 'ய்' வந்து ஒட்டவைக்கும். 'ம்'மில் முடிகிற ஊராக இருந்தால் 'அத்து' என்ற சாரியை உள்ளே நுழையும், கும்பகோணத்தார், சிதம்பரத்தார், மாயவரத்தார். 'ஆறு' என்று முடிகிற ஊராக இருந்தால் ஒற்று இரட்டிக்கும், திருவையாற்றார். ஐந்து வயதுப் பிள்ளைகூட இலக்கணம் படிக்காமலே இதைச் சரியாகச் சொல்லும். சங்க காலத்திலேயே காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் என்று ஒரு புலவர் இருந்தார், அந்தப் பேரில் அதே 'அத்து' உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். ஆலத்தூர் கிழார், கோவூர் கிழார் என்றால் அந்த ஊருக்கு உரியவர். நன்னூல் பெயர்ப் பகுபதங்களைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறாகப் பிரிக்கும்போது இடத்துக்குத் தனியாக ஒரு இருக்கையே கொடுத்திருக்கிறது.

நம் டெல்டாவுக்கு இதில் ஒரு தனி உரிமையும் உண்டு. குறிஞ்சித் தலைவனைச் சிலம்பன், வெற்பன் என்பார்கள், மலையை வைத்து. நெய்தல் தலைவன் சேர்ப்பன், துறைவன், கடலை வைத்து. வயலும் வாய்க்காலுமான மருதத்துத் தலைவனுக்கு என்ன பேர் தெரியுமா? ஊரன். ஊரை உடையவன். தண்ணீர் நின்று நெல் விளைகிற இடத்தில்தான் ஊர் நிலைக்கும் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

அப்புறம் பட்டினத்தார். அவர் பேரை யோசித்திருக்கிறோமா? பட்டினத்தைச் சேர்ந்தவர், பூம்புகார்க்காரர், அவ்வளவுதான். எல்லாவற்றையும் துறந்து கோவணத்தோடு கிளம்பிய மனிதருக்குக் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது ஊர் மட்டும்தான். இசைக்காரர்களிடம் இது இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 'செம்மங்குடி பாடினார்' என்று சொன்னால் யாரும் ஊர் எப்படிப் பாடும் என்று கேட்பதில்லை.

ஆங்கிலச் சொல்லில் இல்லாத ஒன்று நம் சொல்லில் இருக்கிறது. கேன்டபிரிஜியன் என்றால் ஆணா பெண்ணா, பெரியவரா சின்னவரா தெரியாது. கும்பகோணத்தான், கும்பகோணத்தாள், கும்பகோணத்தார், கும்பகோணத்துக்காரர், இப்படி விகுதியை மாற்றினால் சொல்கிறவருக்கு அவர்மேல் எவ்வளவு மரியாதை, எவ்வளவு உறவு என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும். 'வாசி' என்று இப்போது எழுதுகிறார்கள், சென்னைவாசி என்று. நீடாமங்கலவாசி என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அந்தச் சொல் மாநகரத்தோடு நின்றுவிட்டது, நமக்கு அது தேவையும் இல்லை.

கும்பகோணம் நிஜமாகவே கேம்பிரிட்ஜ் என்றால், வெளியூரிலிருந்து வந்து இங்கே மூன்று வருடம் படிக்கிற என்னைப் போன்றவர்களுக்கு என்ன பேர்? நாங்களும் கும்பகோணத்தார்தானா?
— மூன்றாம் ஆண்டு மாணவர், சொந்த ஊர் பெரம்பலூர்

ஆமாம் தம்பி. என் பதில் அவ்வளவுதான், ஆனால் காரணம் சொல்கிறேன்.

காவிரிக்கரையில் இருக்கிற அந்த அரசுக் கல்லூரி 1854இல் பள்ளிக்கூடமாக ஆரம்பித்து 1867இல் கல்லூரியானது. 1880இலிருந்து உ.வே.சா. அங்கே தமிழ் சொல்லிக்கொடுத்தார், சீவக சிந்தாமணி ஏட்டைக் கையில் எடுத்ததும் அந்த ஊரில் இருந்தபோதுதான். 1904இல் அங்கே சேர்ந்தவர் ராமானுஜன். பிறந்தது ஈரோடு, வளர்ந்தது சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டில், படித்தது டவுன் ஹைஸ்கூலில். கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனசு போகாமல் உதவித்தொகையை இழந்தார். பத்து வருடம் கழித்து 1914இல் நிஜ கேம்பிரிட்ஜுக்குப் போனார், 1916இல் அங்கே பட்டம், 1918இல் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ. அங்கே அவர் இருந்தது ஐந்து வருடம்கூட முழுதாக இல்லை, அதிலும் நிறைய நாள் ஆஸ்பத்திரியில். ஆனாலும் அந்த ஊர் வழக்கப்படி அவர் கேன்டபிரிஜியன். அவ்வளவு தூரத்து ஊர் அவரைத் தன் ஆள் என்று சொல்லும்போது, இங்கே மூன்று வருடம் ஆற்றுப் பாலத்தில் நடக்கிற உங்களை இந்த ஊர் ஏன் தன் ஆள் என்று சொல்லக்கூடாது?

'ஹாஸ்டல் பசங்க', 'டே ஸ்காலர்', 'வெளியூர் பார்ட்டி' என்று இருக்கிற சொற்களெல்லாம் ஆளை எங்கே தங்குகிறான் என்பதை வைத்துப் பிரிக்கின்றன. சேர்க்கிற சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது, கும்பகோணத்தார். எழுத்தில் அழகாக வேண்டுமானால் குடந்தையார்.

நானும் வெளியூரிலிருந்து வந்து அந்த ஊரில் படித்தவன்தான். மகாமகக் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி அறை. கீழே குடியிருந்த அம்மாளுக்கு நான் முதல் வருடம் முழுக்க 'காலேஜ் தம்பி', தண்ணீர் வந்தால் 'காலேஜ் தம்பி, மோட்டார் போட்டாச்சு' என்று குரல் வரும். இரண்டாம் வருடம் என் ஊர்ப்பேர். மூன்றாம் வருடம் ஐப்பசியில், அடைமழை விட்ட ஒரு காலை, வாசலில் கூடையை இறக்கிய கீரைக்காரப் பெண்மணியிடம் நான் முளைக்கீரைக் கட்டு விலை கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்த அந்த அம்மாள் என்னைக் காட்டி அவரிடம் சொன்னார்: "வெளியூர்னு நெனச்சு ஏத்திச் சொல்லாத, நம்மூர்ப் புள்ளதான். பாத்துக் குடு."